தையல் டீச்சர் பதில்கள்: பெட்டியில் கிடக்கும் பழைய டிரான்ஸ்ஃபர் தாள்கள்

என் பெரியம்மா நாகர்கோவிலில் தையல் டீச்சராக இருந்தவர். அவருடைய பெட்டியில் ஒரு கட்டு எம்பிராய்டரி டிரான்ஸ்ஃபர் தாள்கள், அதாவது இஸ்திரி போட்டால் துணியில் டிசைன் பதிகிற தாள்கள், கிடைத்தன. அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெண்கள் பத்திரிகைகளோடு இலவசமாக வந்தவையாம். நீலக் கோட்டில் பூக்கூடை, மயில், அகலப் பாவாடை கட்டிய வெள்ளைக்காரப் பெண் என்று விதவிதமாக இருக்கின்றன. ஒன்றைப் புதுத் துணியில் வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்தேன், சரியாக விழவில்லை. மை செத்துவிட்டதா டீச்சர்? இவற்றைப் பயன்படுத்தலாமா, அப்படியே வைத்திருக்கட்டுமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

தாராளமாகப் பயன்படுத்துங்கள். துணியில் ஏறுவதற்காக அச்சிட்ட கோடு அது. ஆனால் இஸ்திரிப் பெட்டியை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு டிசைனையும் பட்டர் பேப்பரில் பென்சிலால் நகல் எடுத்துவிடுங்கள். பத்திரிகையோடு வந்த தாள்கள் பெரும்பாலும் ஒரே முறை விழுவதற்கானவை. ஒருமுறை சூடு பட்டால் அப்புறம் வெறும் தாள்தான்.

மை செத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கோட்டின் மேல் விரல்நுனியை வைத்து மெதுவாகத் தடவிப் பாருங்கள். கொஞ்சம் மேடாகத் தட்டுப்பட்டால் மை இருக்கிறது. அது பேனா மை மாதிரி உலர்ந்து போகிற சமாச்சாரம் இல்லை. சூட்டில் இளகித் துணியின் நூலைப் பிடித்துக்கொண்டு, ஆறியதும் இறுகிவிடும். மான்செஸ்டரில் பிரிக்ஸ் கம்பெனி 1870களிலேயே இந்த மாதிரித் தாள்களை விற்க ஆரம்பித்துவிட்டது. பல பத்து வருஷம் பழைய தாள்கூட இன்றைக்கும் பளிச்சென்று விழுவது உண்டு.

அப்படியானால் உங்களுக்கு ஏன் விழவில்லை? புதுத் துணி என்று எழுதியிருக்கிறீர்கள். கடையிலிருந்து வரும் காடா, பாப்ளின், கேஸ்மென்ட் எல்லாவற்றிலும் கஞ்சி இருக்கும். மை நூலைப் பிடிக்க அது விடாது. துணியை நன்றாக அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். துணி வாசனையாக இருக்க ஊற்றுகிறோமே, அந்தத் திரவமும் வேண்டாம். அடுத்தது, கட்டில் மெத்தையில் விரித்து இஸ்திரி போட்டிருந்தால் அழுத்தம் உள்ளே அமுங்கிப்போயிருக்கும். மரமேஜையில் ஒரே ஒரு மடிப்புப் பழைய வேட்டி போதும். அதன்மேல் ஒரு அலுமினியத் தாளை விரித்தால் சூடு கீழே இறங்காமல் துணியிலேயே நிற்கும்.

இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் இருக்கவே கூடாது, ஆவி வந்தால் கோடு கலங்கிவிடும். காட்டன் சூட்டில் வைத்து, முதலில் வெறும் துணியை ஒருமுறை சூடாக்குங்கள். தாளின் மைப்பக்கம் துணியைப் பார்க்கட்டும். மூலைகளில் குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். பெட்டியை முன்னும் பின்னும் இழுக்காமல் வைத்து அழுத்துங்கள், பத்து எண்ணுங்கள், தூக்குங்கள், பக்கத்தில் வையுங்கள். இழுத்தால் தாள் ஒரு மயிரிழை நகரும், மயிலுக்கு இரண்டு அலகு வந்துவிடும். குண்டூசியை எடுக்காமல் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, கோடு வெளிறியிருந்தால் இன்னும் ஐந்து எண்ணலாம்.

எந்தத் தாளையும் முழுசாகத் துணியில் வைக்காதீர்கள். ஓரத்தில் டிசைன் நம்பரோ பத்திரிகையின் பெயரோ அதே நீல மையில் இருக்கும். அதை வெட்டி எடுத்து, அதே துணியின் துண்டு ஒன்றில் போட்டுப் பாருங்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று அந்தத் துண்டே சொல்லிவிடும். வெட்டாமல் விட்டால் அந்த நம்பரும் மேஜை விரிப்பில் ஏறிவிடும்.

அந்த வெள்ளைக்காரப் பெண்ணைச் சொன்னீர்களே, 1930களில் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு தைத்த டிசைன் அது. முகத்தைப் பாருங்கள், பெரிய தொப்பி மறைத்திருக்கும். கண்ணும் மூக்கும் ஊசியில் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாகக் கற்பவர்கூட அழகாக முடிக்கலாம். பாவாடைக்குச் சங்கிலித் தையல், காலடிப் பூக்களுக்கு இதழ் இதழாகக் கண்ணி போடும் லேஸி டெய்ஸி, நடுவில் ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் ஃபிரெஞ்சு முடிச்சு. பெரியம்மாவின் தாள்களில் நான் முதலில் தைக்கச் சொல்வது இவளைத்தான்.

தலையணை உறைக்கான தாளில் ‘குட் நைட்’ என்ற ஆங்கில எழுத்துகள் திரும்பி இருக்கின்றன. தவறாக அச்சாகிவிட்டதா?
– ஒரு வாசகி, கரூர்

இல்லை. தாளைக் கவிழ்த்து வைக்கும்போது அது நேராகிவிடும். நகல் எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். பட்டர் பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘நல்வரவு’ என்று நீங்களே டிரான்ஸ்ஃபர் பென்சிலால் எழுதுவதானாலும் கண்ணாடியில் தெரிகிற மாதிரித்தான் எழுத வேண்டும்.

வெள்ளை உறையில் பழைய டிரான்ஸ்ஃபர் போட்டு இரண்டு இழையில் காம்புத் தையல் போட்டேன். தையலுக்கு இரண்டு பக்கமும் நீலம் எட்டிப் பார்க்கிறது. துவைத்தால் போகுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

முழுசாகப் போகும் என்று நம்ப வேண்டாம். பழைய மை பிடிவாதக்காரி. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகக் கசக்கினால் ஓரளவு மங்கலாம். நூல் சாயம் போகிறதா என்று முதலில் உள்பக்கம் பார்த்துவிடுங்கள். நீலம் மங்குகிற வரை அந்த உறைக்கு இஸ்திரி மட்டும் போடாதீர்கள், மை இன்னும் கெட்டியாக உட்கார்ந்துவிடும்.

அதைவிடச் சுலபமான வழி, தைத்த வரிசைக்குப் பக்கத்திலேயே அதே நிறத்தில் இன்னொரு வரிசை ஓட்டிவிடுவது. கோடு மறையும், காம்பும் தடிக்கும். அடுத்த முறை தடித்த கோடு விழுந்தால் மூன்று இழை எடுங்கள், அல்லது சங்கிலித் தையல் போடுங்கள். ஓடு தையலுக்குப் பழைய டிரான்ஸ்ஃபர் ஒத்தே வராது, இடைவெளி முழுக்க நீலமாகத் தெரியும்.

தாள் அப்பளம் போல நொறுங்குகிறது, மையும் விழவில்லை. எனக்கு அந்த டிசைன் கறுப்புப் பிளவுஸ் துணியில் வேண்டும்.
– ஒரு வாசகி, மதுரை

சரி, இஸ்திரியை மறந்துவிடுங்கள். நீலக் கோடு கறுப்பில் எப்படியும் தெரியாது, அதற்கென்று மஞ்சள் மையில் தனியாக அச்சிட்டார்கள். டிசைனைப் பட்டர் பேப்பரில் எடுத்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை போடுங்கள். ஆரி வேலைக்காரர்கள் செய்வதுபோல ஜிங்க் பவுடரைக் கொஞ்சம் மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சில் தொட்டு, பிழிந்துவிட்டு மேலே துடையுங்கள். பஞ்சு சொட்டச் சொட்ட இருந்தால் புள்ளிகள் பரவிவிடும். அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யக் கூடாது, துணி காய்ந்து வாசனை போகிற வரை இஸ்திரியும் வேண்டாம். துளை போட்ட தாளைத் துடைத்து வைத்தால் பல தடவை உதவும். மிச்சத் தாள்களை மடிக்காமல் அட்டைகளுக்கு நடுவில் வையுங்கள், ராமபாணப் பூச்சிக்கு இந்த மெல்லிய தாள் என்றால் கொள்ளை ஆசை.