631 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன் பள்ளி விட்டு வந்ததும் மசாலா சிப்ஸ் பாக்கெட் கேட்டு அடம் பிடிக்கிறான். அதில் போட்டிருக்கும் 631 பன்றிக் கொழுப்பு என்றும், சிப்ஸைக் கொளுத்தினால் பிளாஸ்டிக் போல எரிகிறது என்றும் வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? அதற்குப் பதில் கடையில் பொரிக்கிற ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கொடுக்கலாமா? யூரிக் அமிலம் கூடுதலாக உள்ள என் மாமனாரும் அவனோடு சேர்ந்து சாப்பிடுகிறார்.

பதில்: 631 கொழுப்பே அல்ல. டைசோடியம் இனோசினேட் என்ற சுவையூட்டி உப்பு அது. மீன், இறைச்சியிலிருந்தும் எடுப்பார்கள்; மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மாவு போன்றவற்றை நொதிக்க வைத்தும் தயாரிப்பார்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம் என்று பொருள். சிப்ஸ் எரிவதற்குக் காரணம் எண்ணெய். அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான். நம்மூர் ஏத்தங்காய் சிப்ஸைக் கொளுத்தினாலும் அப்படித்தான் எரியும்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? பாக்கெட்டைத் திருப்பினால் நான் முதலில் தேடுவது சோடியம். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் என்று இருக்கிறது என்று வையுங்கள். 50 கிராம் பாக்கெட்டை முழுதாகத் தின்றால் 400 மில்லிகிராம். அதை இரண்டரையால் பெருக்கினால் 1 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு அதைவிடக் குறைவு. மதியம் கருவாடும் ஊறுகாயும் சாப்பிட்ட பிள்ளைக்கு மாலையில் இது வேறு. தினமும் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் வர வேண்டும். பாமாயில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எண்களில் நான் கவனிக்கச் சொல்வது 102, 110, 122, 124 ஆகிய செயற்கை நிறங்களை. குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் இவை பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் விதி. சிப்ஸை விட மிட்டாய்களிலும் கலர் பானங்களிலும் இவை அதிகம் இருக்கும்.

ஏத்தங்காய் சிப்ஸில் இந்த மசாலாத் தூள் இல்லை என்பது உண்மை. ஆனால் பொரியும்போதே சட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அதனால் உப்பு அதிலும் உண்டு. இதைப் பொரிக்கும் தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகை. பாமாயிலை விட அதிகம். நம் எண்ணெய் என்பதற்காக இதை மறைக்க மனம் வரவில்லை. வாங்கும்போது சட்டியை எட்டிப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல், புகைந்துகொண்டிருந்தால் திரும்பத் திரும்பக் காய்ச்சியது. அந்தக் கடை வேண்டாம். சிப்ஸின் மஞ்சள் கண்ணைப் பறித்தாலும் வேண்டாம், நிறம் கலந்திருக்கலாம்.

வாரத்தில் ஒருநாள் சின்னப் பாக்கெட் என்று மகனிடம் பேசி முடிவு செய்யுங்கள். மற்ற நாட்களில் அவித்த ஏத்தம்பழம், இரண்டு மட்டிப்பழம், தேங்காய் துருவிப் போட்ட பயறு என்று எதையாவது அவன் வீட்டுக்குள் நுழையும்போதே தயாராக வையுங்கள். பசி முற்றிய பிறகு எடுத்துச் சொல்லிப் பயனில்லை.

மாமனார் விஷயம் வேறு. 627, 631, 635 என்ற சுவையூட்டிகள் மூன்றும் உடலில் யூரிக் அமிலமாக மாறக்கூடியவை. பாக்கெட்டில் அளவு சொற்பம்தான், ஆனாலும் மூட்டு வீங்கி வலிக்கும் நாட்களில் அவர் இவற்றைத் தொட வேண்டாம். அவருக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் அந்த உப்புக்காகவே நிறுத்திவிடலாம்.