பூங்காக் கற்பாதைக்குச் சீமெந்து பூசலாமா?

கேள்வி: உவர்மலைப் பக்கம் எங்கள் சிறிய பூங்காவில் இருக்கும் கருங்கல் நடைபாதை மாரிக்கு மாரி மோசமாகிறது. சில கற்கள் தாழ்ந்து தண்ணீர் தேங்குகிறது, மரத்தடியில் சில கிளம்பி நிற்கின்றன, வயதானவர்கள் தடக்கி விழுகிறார்கள். திருத்துவதற்குச் சபை அனுமதி தந்துவிட்டது. மேலே சீமெந்து பூசி மூடிவிடலாம் என்கிறார் மேசன். செய்யலாமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: வேண்டாம். பழுது கல்லில் இல்லை, கல்லுக்கு அடியில். கீழே மண் அரித்துப் போயிருக்கும். அதன்மேல் சீமெந்து பூசினால் அதுவும் சேர்ந்து இறங்கி வெடிக்கும், அப்புறம் அதை உடைக்கப்போய் நல்ல கற்களும் நொறுங்கும்.

கற்களுக்குச் சோக்கால் இலக்கமிட்டுப் படமும் எடுத்துக்கொண்டு, அலவாங்கால் நெம்பிக் கிளப்புங்கள். கீழே தோண்டி 4 அங்குலம் சல்லி போட்டு நன்றாக இடித்து இறுக்கி, அதன்மேல் 1 அங்குலம் ஆற்று மணல் பரப்பி, கற்களைப் பழைய வரிசையிலேயே பதியுங்கள். கடற்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அந்த மணலை அள்ள நினைக்காதீர்கள், உப்பு கல்லில் வெள்ளையாகப் பூக்கும், அனுமதியில்லாமல் அள்ளுவது சட்டப்படி குற்றமும்கூட. 4 அடி அகலப் பாதை என்றால் ஒரு பக்கம் 1 அங்குலம் சரிவு கொடுங்கள். மேசன்மார் அவசரத்தில் விடுவது இதைத்தான், நீங்களே நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். இரு ஓரங்களிலும் கல்லை நட்டு இறுக்காவிட்டால் பாதை மெல்ல மெல்ல விரிந்துவிடும். இடைவெளிகளுக்குக் கல்தூளைக் கூட்டித் தள்ளினால் போதும், மழைநீர் அதன் வழியே இறங்கிவிடும்.

மரத்தடி வேறு கதை. தடித்த வேரை வெட்டினால் மரம் பிடிமானம் இழக்கும், வாடைக்காற்றில் சாய்ந்தால் பாதையோடு சுவரும் போகும். வேரைத் தொடாமல் அந்த இடத்தில் மட்டும் சல்லியும் மணலும் கூட்டிப் பாதையை மெதுவாக உயர்த்துங்கள், முடியாவிட்டால் வளைத்துக்கொண்டு போங்கள். வளைந்த பாதை அழகுதானே!

ஐப்பசியில் மழை பிடித்துவிடும், மார்கழி வரை மண் ஈரமாகவே கிடக்கும், ஈர மண்ணை எவ்வளவு இடித்தாலும் இறுகாது. ஆகவே வைகாசி, ஆனி, ஆடியில் வேலையை முடித்துவிடுங்கள்.

கேள்வி: கல்லில் பாசி வழுக்குகிறது. அசிட் ஊற்றலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: கூடாது. தும்புக்கட்டையும் தண்ணீரும் போதும். நிழல்தரும் கிளைகளைக் கொஞ்சம் கழித்து வெயில் விழவிட்டால் பாசி அவ்வளவாகத் திரும்பாது. ஊற்றும் அசிட் ஓடிப்போய்ச் சேர்வது பக்கத்துப் புல்லில், நம் ஊரில் அந்தப் புல்லை மான்களும் வந்து மேயும்.