கார் கழுவும்போது வீலில் ஆரம்பியுங்கள்: கேள்வி பதில்

கோவையில் கார் கழுவுவதிலும் பாலிஷ் போடுவதிலும் எனக்கு 14 வருடம் ஓடிவிட்டது. வீட்டிலேயே கார் கழுவுகிறவர்கள் சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் வீலும் டயரும்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, மேலிருந்து கீழே கழுவணும்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க வீலை முதலில் கழுவச் சொல்றீங்க. எது சரி? (ஈரோடு)

இரண்டும் சரி தம்பி. பாடியை மேலிருந்து கீழேதான் கழுவ வேண்டும். வீல் தனிக் கணக்கு. காரிலேயே அழுக்கான இடம் அது. பாடியை முடித்துவிட்டு வீலுக்கு உட்கார்ந்தால், பிரஷ்ஷிலிருந்து தெறிக்கும் கறுப்புத் தண்ணி கழுவின கதவில் விழும். நாலு வீலையும் முடிப்பதற்குள் நம் ஊர் வெயிலில் பானெட் காய்ந்து வெள்ளைப் புள்ளி நின்றுவிடும். அதனால் முதலில் வீல், அப்புறம் பாடி. அதுவும் ஒரு வீலை முழுதாக முடித்து அலசிவிட்டுத்தான் அடுத்த வீல்.

ஓட்டிவிட்டு வந்த உடனே மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பிரேக் டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் ஜில்லென்று தண்ணி அடிப்பது டிஸ்க்குக்கு நல்லதல்ல, சோப்பும் பட்ட இடத்திலேயே காய்ந்து கறையாகும். நிழலில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். ரிம்மைத் தொட்டால் கை சுடக்கூடாது.

முன் வீல் இரண்டும் வாரத்திலேயே கறுத்துவிடுகிறது, பின் வீல் பளிச்சென்று இருக்கிறது. முன் பிரேக்கில் கோளாறா?

கோளாறு இல்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாயும். அதனால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். பிரேக் பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசி உதிரும் தூள்தான் அந்தக் கறுப்பு. நம் ஊர் சின்னக் கார்கள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக். தூள் டிரம்முக்குள்ளேயே அடைந்து கிடக்கும், வெளியே தெரியாது. இரண்டு முன் வீலில் ஒன்று மட்டும் அதிகமாகக் கறுத்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்தப் பக்கம் பிரேக் சரியாக விடாமல் உரசிக்கொண்டே இருக்கலாம்.

ஒரு ஸ்பிரே வாங்கினேன் சார். அடித்தவுடன் வீல் முழுக்க ஊதாவாக வழிகிறது, நாற்றம் தாங்கவில்லை. அலாய் வீல் கெட்டுப்போகுமா?

பயப்படாதீர்கள், அது அயர்ன் ரிமூவர். பிரேக் தூளில் இருக்கும் இரும்பு சூட்டோடு பறந்து வந்து வீல் பெயிண்டில் குத்தி நிற்கும். ஷாம்பு போட்டுத் தேய்த்தால் வராது. இந்த மருந்தில் இருக்கும் தயோகிளைகோலேட் இரும்போடு சேர்ந்தால் ஊதா நிறமாகும். முடி சுருட்டும் லோஷன், முடி நீக்கும் கிரீம் எல்லாம் இதே குடும்பம்தான், நாற்றம் அதனால்தான். வீல் ஆறியிருக்க வேண்டும், நிழலில் அடிக்க வேண்டும், காய்வதற்குள் நன்றாக அலச வேண்டும். வாராவாரம் தேவையில்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை போதும்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. சில இடங்களில் வாட்டர் சர்வீஸில் லேபிள் இல்லாத கேனிலிருந்து ஆசிட் கலந்த தண்ணியை வீலில் அடிப்பார்கள். ஒரு நிமிடத்தில் வெள்ளையாகிவிடும், பார்க்கிறவருக்குச் சந்தோஷம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி கொடுத்த அப்படி ஒரு கேனை ஒரு பாலிஷ் அலாயில் அடித்தேன். போன் வந்தது, பேசிவிட்டுத் திரும்பி வந்து அலசினால் ரிம்மில் பால் சிந்தியது மாதிரி வெளுப்பு. எத்தனை தேய்த்தும் போகவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். என்ன கேன் என்று கேட்காத மருந்தை உங்கள் வண்டியில் அடிக்க விடாதீர்கள்.

புது டயர் போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது. பக்கவாட்டில் செம்மண் பூசினது மாதிரி பழுப்பு. தேய்த்தால் போகிறது, மறுபடி வருகிறது. டூப்ளிகேட் டயரா?

இந்தக் கேள்வி மட்டும் ஏழு பேரிடமிருந்து. டூப்ளிகேட் இல்லை. காற்றில் இருக்கும் ஓசோன் பட்டால் ரப்பரில் வெடிப்பு விழும். அதைத் தடுக்க டயர் செய்யும்போதே 6பிபிடி மாதிரி ஒரு ரசாயனத்தை ரப்பரில் கலக்கிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வந்து, ரப்பர் வாங்க வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொண்டு பழுப்பாகிறது. பார்க்க அசிங்கம், ஆனால் டயர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

போக்க வேண்டுமென்றால் ஷாம்பு போதாது. ஆல் பர்பஸ் கிளீனரைப் பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்குத் தண்ணி கலந்து டயரில் அடித்து, கெட்டி நைலான் பிரஷ்ஷால் வட்டமாகத் தேயுங்கள். முதல் தடவை நுரை டிகாஷன் நிறத்தில் வழியும். அலசிவிட்டு மறுபடி அடித்தால் பால் தூக்கலான காபி. மூன்றாவதில் நுரை வெள்ளையாக வரும். அப்போதுதான் டயர் சுத்தம். முதல் நுரையோடு நிறுத்திவிட்டு மேலே பாலிஷ் போடுகிறவர்கள்தான் "ரெண்டே நாளில் பழுப்பாயிடுச்சு" என்று எழுதுகிறார்கள்.

டயர் முன்னால் உட்கார்ந்த கையோடு இன்னொன்றும் பாருங்கள். டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடைக்காரர் புதுசு என்று கொடுத்தது எவ்வளவு புதுசு என்று தெரிந்துவிடும். டயர் பட்டன் (ரோட்டில் படும் கட்டைகள்) இடுக்கில் சிக்கிய கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுங்கள். ஆணியாக இருந்தால் பிடுங்காதீர்கள், பஞ்சர் கடையில் போய்ப் பிடுங்கிக்கொள்ளலாம்.

டயர் பாலிஷுக்குப் பதில் தேங்காய் எண்ணெய், டீசல் போடலாமா? எங்க அப்பா அப்படித்தான் போடுவார்.

என் அப்பாவும் லாரி டயருக்கு டீசல்தான் துடைப்பார். அன்றைக்குப் பளபளவென்று இருக்கும். ஆனால் டீசல் ரப்பருக்குள் இறங்கி அதை உப்ப வைக்கும், இளக வைக்கும். தேங்காய் எண்ணெய் அந்த அளவுக்குக் கெடுக்காது, ஆனால் ரோட்டில் இருக்கும் தூசி மொத்தத்தையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் வாட்டர் பேஸ் டிரெஸ்ஸிங் வாங்குங்கள். ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்துத் தடவி, 15 நிமிடம் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் வண்டியை எடுத்தால் டயர் சுற்றும் வேகத்தில் பின் கதவு வரை புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். பக்கவாட்டில் மட்டும்தான், ரோட்டில் படும் பட்டனில் படக்கூடாது. பைக் டயருக்கு எந்த பாலிஷும் வேண்டவே வேண்டாம். வளைவில் சாயும்போது பக்கவாட்டுக்குக் கிட்டேயே ரோடு வந்துவிடும்.

எங்க வீட்டில் போர் தண்ணிதான். கழுவின பிறகு கண்ணாடியெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஆர்.ஓ.விலிருந்து வெளியே போகும் தண்ணியைப் பயன்படுத்தலாமா அண்ணா? (திருப்பூர்)

அந்தத் தண்ணி வேண்டாம்மா. ஆர்.ஓ. வடிகட்டி ஒதுக்கின உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, போர் தண்ணியைவிட மோசம். உப்புத் தண்ணியில் கழுவலாம், காயவிடக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். காலை 7 மணிக்கு முன்னால் நிழலில் கழுவி, உடனே பெரிய மைக்ரோஃபைபர் டவலால் ஒற்றி எடுங்கள். கடைசி ஒரு பக்கெட் மட்டும் நல்ல தண்ணியாக இருந்தால் போதும். ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணியைப் பிடித்து வைக்கலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது, அதில் உப்பே கிட்டத்தட்டக் கிடையாது. துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். கண்ணாடியில் ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து தடவி, ஒரு நிமிடம் கழித்து அலசுங்கள்.

பெங்களூரில் அபார்ட்மென்ட். தண்ணீர்க் கட்டுப்பாடு வந்ததிலிருந்து குழாய் போட்டுக் கழுவ விடுவதில்லை. (மடிவாளா)

2024 மார்ச்சில் அங்கே குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியமே அறிவித்தது நினைவிருக்கிறது. ரின்ஸ்லெஸ் வாஷ் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கெட் தண்ணியில் சில மூடி கலந்தால் போதும், அலசத் தேவையில்லை. ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணியை ஊறப்போட்டு, ஒரு துணியால் ஒரு கதவு, அப்புறம் அடுத்த துணி. சேறு அப்பின வண்டிக்கு மட்டும் இது சரிவராது.

தினமும் காலையில் ஒருவர் வந்து வண்டி துடைக்கிறார், மாதம் 600 ரூபாய். ஆனாலும் வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி கீறல். பாலிஷ் போட்டால் போகுமா?

போகும். ஆனால் அவர் துடைத்துக்கொண்டே இருந்தால் மூன்று மாதத்தில் திரும்ப வரும். அவர் மேல் தப்பில்லை. 20 வண்டிக்கு ஒரே பக்கெட், ஒரே பனியன் வேஸ்ட். ராத்திரி படிந்த தூசியை அந்தத் துணி உப்புத்தாள் மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது. பெயிண்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் சாதாரணமாக 40, 50 மைக்ரான்தான். தலைமுடி அளவுக்குக்கூட வராது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் சீவி எடுக்கும். அவரிடம் கண்ணாடியும் உள்பக்கமும் மட்டும் துடைக்கச் சொல்லி அதே 600ஐக் கொடுங்கள். பாடியை வாரம் ஒரு முறை நீங்கள் கழுவுங்கள். வெள்ளையடித்து மிஞ்சின 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் இரண்டு போதும். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணி. வண்டி தேய்க்கும் கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணியில் கசக்கிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். முடித்தபின் அந்தத் தண்ணி பக்கெட்டின் அடியில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள், நறநறவென்று மண் இருக்கும். வீல் பிரஷ்ஷும் வீல் துணியும் இந்தப் பக்கெட்டுகளுக்குள் வரவே கூடாது, அதற்கு மூன்றாவது ஒன்று.

அண்ணே, ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் குங்குமம் வெள்ளைக் காரில் கறையாயிருச்சு. எலுமிச்சை நசுக்கினதில் டயருக்கு ஏதும் ஆகுமா? (மதுரை)

டயருக்கு ஒன்றும் ஆகாது. சாறு தெறித்த ரிம்மை மட்டும் அன்றைக்கே அலசிவிடுங்கள். காய்ந்த குங்குமத்தையும் விபூதியையும் வறட்டுத் துணியால் தேய்க்காதீர்கள், கீறும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள். மஞ்சள் கறை மட்டும் மிஞ்சினால் விட்டுவிடுங்கள், வெயிலில் தானாக வெளுத்துவிடும். குங்குமச் சாயம் அப்படிப் போகாது, லேசான பாலிஷ் தேவைப்படலாம். அடுத்த வருடம் பொட்டை நம்பர் பிளேட்டில் வைத்தால் சாமி கோபிக்காது.

பிரஷர் வாஷரால் டயரை எவ்வளவு கிட்டே அடிக்கலாம்?

ஒரு அடி தள்ளியே நில்லுங்கள். ஊசி மாதிரி ஒற்றைக் கோடாக அடிக்கும் நாசிலை டயர் பக்கவாட்டிலும் வால்விலும் காட்டவே வேண்டாம்.

சனிக்கிழமை கழுவி நிறுத்தினேன். திங்கள்கிழமை வண்டி நகரவில்லை, அப்புறம் "டக்" என்று சத்தத்தோடு விட்டது. டிஸ்க் எல்லாம் ஆரஞ்சு துரு.

துரு பிரச்சினையே இல்லை. வார்ப்பிரும்பு ஈரம் பட்டால் சில மணி நேரத்திலேயே துருப் பூக்கும், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். சத்தம் வந்தது ஹேண்ட் பிரேக்கால். ஈரத்தோடு இழுத்து வைத்ததில் பின் பிரேக் ஒட்டிக்கொண்டது. கழுவின பிறகு தெருவை ஒரு சுற்று சுற்றி, பிரேக்கை மெதுவாக நாலு முறை பிடித்துக் காய வையுங்கள். சமதரையாக இருந்தால் கியரில் போட்டு, வீலுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் இல்லாமல் நிறுத்துங்கள்.

வீலின் உள்பக்கம்கூட நன்றாகத் தேய்த்தேன் சார். அதிலிருந்து 80இல் போனால் ஸ்டீயரிங் ஆடுகிறது.

உள்பக்கம் ரிம்மில் ஈயத்துண்டு மாதிரி சின்னச் சின்னக் கட்டம் ஒட்டியிருக்கும், பேலன்சிங் வெயிட். தேய்த்த வேகத்தில் ஒன்று கழன்று சாக்கடையோடு போயிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், பசை மட்டும் சதுரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் தெரியும். டயர் கடையில் அந்த வீலை மட்டும் பேலன்ஸ் செய்தால் போதும், அலைன்மென்ட்டும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.