வெண்டிக்காய் நாராவதும் கறி வழுவழுப்பதும்

கிளிநொச்சியில் வீட்டு வளவில் வைத்த வெண்டி நன்றாகக் காய்க்கிறது, ஆனால் காய் நாராக இருக்கிறது, கறியும் வழுவழுக்கிறது, விதை பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். விதையில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. கிழமைக்கு ஒருமுறைதான் ஆய்கிறேன் என்றீர்களே, காரணம் அதுதான். பூத்து 5, 6 நாளில் காய் பதமாகிவிடும். சோளகக் காற்று வீசும் இந்த வெயிலுக்கு அதற்கு மேல் காத்திராது. ஒருநாள் விட்டு ஒருநாள் விடியவே ஆயுங்கள். நுனியை ஒடித்துப் பாருங்கள்: டக்கென்று முறிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். முற்றலையும் செடியில் விடாதீர்கள், புதுக் காய்ப்புக் குறைந்துவிடும். விதைக்கு மட்டும் நல்ல செடியில் இரண்டு மூன்று காய் விடலாம்.

சரி, கறிக்கு வருவோம். காயை முழுதாகக் கழுவி, ஈரம் போகத் துணியால் துடைத்த பிறகே வெட்டுங்கள். வெட்டிவிட்டுக் கழுவினால் வழுவழுப்புத்தான். கொஞ்சம் பெரிய துண்டாகவே வெட்டி, எண்ணெயில் ஓரம் சிவக்கப் பொரித்துத் தனியே வையுங்கள். அதே சட்டியில் சின்ன வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை வதக்கி, கறித்தூளும் புளியும் விட்டுக் கொதித்ததும் வெண்டியைப் போடுங்கள். மூட வேண்டாம், அடிக்கடி கிண்டவும் வேண்டாம். தேங்காய் முதற்பால் கடைசியில், ஒரு கொதியோடு இறக்கிவிடுங்கள். புளி சேர்ந்தாலே வழுவழுப்புப் பாதி அடங்கும்.

பயிற்றங்காய்க்கும் இதே கணக்குத்தான், உள்ளே விதை புடைக்கும் முன் ஆய்ந்துவிடுங்கள்.