அப்பாவுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, தங்கச்சி

கேள்வி: எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு 63 வயது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விளங்காமல் போய்விட்டது, பேச்சும் வரவில்லை. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து 12 நாள் ஆகிறது. ஊரில் எந்தக் கல்யாண வீடானாலும் பந்தி விசாரிக்கிறவர் அவர்தான். இப்போது ஸ்பூனைக் கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முந்தாநாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். அண்ணன் தாடையைப் பிடித்து ஊட்டினான். புரை ஏறிக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. ‘சாப்பிடலைன்னா மூக்குல டியூப்தான்’ என்கிறார் நர்ஸ். அம்மா ஓயாமல் அழுகிறாள். எங்கள் மேல் அவருக்கு என்ன கோபம், அக்கா?

- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்:

தங்கச்சி, முதலில் அண்ணனிடம் சொல்லுங்கள்: தாடையைப் பிடித்து ஊட்டுவது இன்றோடு நிற்கட்டும். மற்றதை அப்புறம் பேசுவோம்.

புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி, ‘யாரோ நினைக்காங்க’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். உங்கள் அப்பா விஷயத்தில் அதை அப்படி விட்டுவிடக் கூடாது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும். உணவுக் குழாய்க்குள் போக வேண்டியது மூச்சுக் குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். சிலருக்கு இருமல்கூட வராமல் சத்தமில்லாமல் இறங்கும். சாப்பிட்ட பிறகு தொண்டையில் சளி கட்டியது போலக் கரகரவென்று சத்தம் கேட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரும்போது, ‘அப்பா விழுங்குவதைப் பரிசோதித்துச் சொல்லுங்கள், ஸ்பீச் தெரபிஸ்ட் பார்க்க முடியுமா?’ என்று நேராகக் கேளுங்கள். பேச்சுக்கு மட்டுமில்லை, விழுங்குவதற்கும் அவர்கள்தான். அதுவரை வாய் வழியாக எதுவும் தர வேண்டாம். மாத்திரையும் தண்ணீரும்கூட நர்ஸிடம் கேட்டுத்தான்.

சரி, கோபத்துக்கு வருவோம்.

நான் 24 வருஷம் நரம்பியல் வார்டில் வேலை பார்த்தவள். சாப்பாட்டு நேரம் வந்தால் சில கட்டில்களில் போர்வை மேலே ஏறும். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து மனிதர் ஒருவர், உங்கள் அப்பா மாதிரியே வலது கை விளங்காதவர். யாரும் பார்க்காத நேரம் போர்வைக்குள்ளிருந்து இடது கையை நீட்டி இட்லியில் ஒரு துண்டு பிய்ப்பார். பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்துவிட்டால் கை உள்ளே போய்விடும். பீச்சாங்கையால் தின்பதை நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்கிற கூச்சம். அவர் மனைவிதான் ஒருநாள் ஸ்பூனை அந்தக் கையில் வைத்து, ‘கரண்டிக்கு ஏது இடமும் வலமும், சாப்பிடுங்க’ என்றார். அன்றைக்கு அவர் இரண்டு இட்லியை முடித்தார்.

உங்கள் அப்பாவின் நிலையை அவர் பக்கமிருந்து பாருங்கள். ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டா, சொதி ஊத்தட்டா?’ என்று இலை இலையாகக் கேட்டுப் போனவர். இன்று அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வாய்க்கு நேரே ஸ்பூன் மட்டும் வருகிறது. வாயோரம் வழிவதை மகள் துடைக்கிறாள். வலது கன்னத்தில் சோறு தங்குவதே அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வாயும் மூச்சை அடைக்குமோ என்ற பயம் வேறு. ‘வேண்டாம்’ என்று சொல்ல வார்த்தை இல்லாதவர் முகத்தைத்தான் திருப்புவார். கிண்ணத்தைத் தட்டியதும் அந்த ‘வேண்டாம்’தான்.

டியூப் என்பது தண்டனை கிடையாது. அப்படி மிரட்டும் வழக்கம் பல வார்டுகளில் உண்டு, எனக்கு அது பிடித்ததே இல்லை. தொண்டை தேறும்வரை உடம்பில் தெம்பு குறையாமல் பார்த்துக்கொள்ளும் வழி அது. நிறையப் பேருக்குச் சில வாரங்களில் விழுங்குவது சரியாகிவிடும், குழாயையும் எடுத்துவிடுவார்கள். போட வேண்டி வந்தால் அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டுப் போடச் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டிலில் டிபன் கேரியரைத் திறக்கும் நேரம் திரையை இழுத்துவிடுங்கள். வாசனை மட்டும் வந்து சோறு வராமல் இருப்பது பெரிய வேதனை.

வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி நன்றாக நிமிர்ந்து உட்கார வையுங்கள். நீங்களும் ஒரு ஸ்டூல் போட்டு அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார். அண்ணாந்த தொண்டையில் புரை சுலபமாக ஏறும். வேலை அவசரத்தில் நானே அப்படி ஊட்டியிருக்கிறேன், இன்றும் அது உறுத்துகிறது. அதே காரணத்தால் நம் வழக்கப்படி டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிக்கவும் கூடாது, குழந்தைக்கு ஊற்றுவது போலப் பாலாடையில் ஊற்றவும் கூடாது. தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கஷ்டமானது, சட்டென்று ஓடிவிடும். எவ்வளவு கெட்டியாகத் தர வேண்டும் என்று தெரபிஸ்ட் சொல்வார்.

கால் ஸ்பூன் போதும். இடது பக்கமாக வாயில் வையுங்கள். குரல்வளை மேடு மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வாய். வாயில் சோறு இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். போனும் பேசாமல் இருக்கட்டும். களைத்துவிட்டால் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். முடித்ததும் வலது கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்து வாயைச் சுத்தம் செய்யுங்கள். அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள்.

பருக்கை மிதக்கிற கஞ்சி, ரசம் தெளிந்து நிற்கிற சோறு இரண்டும் வேண்டாம். தண்ணீர் முந்தி ஓடும், பருக்கை பின்தங்கும். பலம் வரும் என்று உளுந்தங்களி கிண்டிக் கொண்டுவரத் தோன்றும். அது ஒட்டும், கொஞ்ச காலம் பொறுங்கள். இட்லியைக் கெட்டியான சொதியில் ஊறவைத்து, தனியாகத் தண்ணீர் நிற்காதபடி நைய மசித்தால் பலருக்கு இறங்கும். தெரபிஸ்ட்டிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

தட்டில் வலது பக்கம் இருப்பதை மட்டும் அவர் தொடாமல் விட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்கு அந்தப் பக்கத்துப் பார்வையே போயிருக்கும், ‘இது பிடிக்கலை போல’ என்று நாம் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். பக்கவாதத்துக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும், அதிலும் பசி அடங்கிப்போகும். அதற்கும் மருந்து இருக்கிறது.

ஊட்டுவதற்கு முன்னால் கேளுங்கள், தங்கச்சி. இரண்டு கிண்ணத்தையும் திறந்து காட்டி, ‘எது வேணும்பா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பார்வையோ விரலோ பதில் சொல்லும். ஸ்பூனை அவர் இடது கையில் கொடுத்து, உங்கள் கையை அடியில் தாங்கலாகக் கொடுங்கள். சிந்தினால் சிந்தட்டும், மடியில் ஒரு துண்டு விரித்துவிடுங்கள். அம்மாவையும் அழுகையைத் துடைத்துக்கொண்டு, ஒரு தட்டில் தனக்கும் போட்டு அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். இந்த 12 நாளும் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.