செஸ் நன்றாக ஆடினால் ஐக்யூ அதிகம் என்று அர்த்தமா?

சேலத்தில் செஸ் வகுப்புக்குப் போகும் மகன் தொடர்ந்து தோற்கிறான், அறிவு போதாதோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

தொடர்பு இருக்கிறது, ஆனால் சிறியது. 2016இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஐக்யூ போன்ற அறிவுத்திறன் அளவுகளுக்கும் செஸ் திறனுக்கும் லேசான தொடர்புதான் தெரிந்தது. சிறுவர்களிடமும் புதிதாக ஆடுபவர்களிடமும் அது கொஞ்சம் கூடுதல்; தேர்ந்தவர்களிடம் குறைவு.

அப்படியென்றால் பெரிய ஆட்டக்காரர்களிடம் என்னதான் இருக்கிறது? 1973இல் சேஸ், சைமன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்து நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களை அப்படியே திரும்ப வைத்தார், புதியவர் நாலைந்தோடு நின்றார். அதே காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியதும் மாஸ்டரின் அனுகூலம் கிட்டத்தட்ட காணாமல் போனது! காசலிங் செய்த (யானையோடு சேர்த்து ஒரே நகர்த்தலில் ஓரமாக ஒதுக்கிய) ராஜா, பக்கத்தில் யானை, முன்னால் மூன்று சிப்பாய்: நமக்கு ஐந்து காய்கள், அவருக்கு ஒரே துண்டு. செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் பழகிய வியாபாரி பார்த்தவுடன் தரம் சொல்வாரே, அந்த மாதிரிப் பழக்கம் இது.

இன்னொன்று. 2007இல் செஸ் ஆடும் 57 பிள்ளைகளை ஆராய்ந்தபோது பயிற்சிதான் முன்னால் நின்றது. அவர்களில் மிகச் சிறந்த குழுவில் ஐக்யூ குறைந்தவர்களே சற்று நன்றாக ஆடினார்கள், அவர்கள் கூடுதலாகப் பயிற்சி செய்திருந்தார்கள்.

சரி, மகனுக்கு என்ன செய்யலாம்? தோற்ற ஆட்டத்தை எழுதிவைத்து, எந்த நகர்த்தலில் பிசகியது என்று பயிற்சியாளரோடு தேடச் சொல்லுங்கள். ஐக்யூ டெஸ்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.