பழைய ஸ்கூட்டர் இன்ஜினில் ஒரு வின்ச்: கேட்டவர்களுக்குப் பதில்

கோத்தகிரியில் மருந்தடிக்கும் இன்ஜின், மோட்டார் பம்பு பழுது பார்ப்பது என் பிழைப்பு. அண்ணன் மகன் ஒரு வேக்ஸ்கேட் பலகையோடு (கயிற்றைப் பிடித்து இழுபட்டுத் தண்ணீர்மேல் நின்று சறுக்கும் பலகை) வந்து, "சித்தப்பா, படகு இல்லாம இழுக்க வழி இருக்கா?" என்றான். கரையில் பெட்ரோல் வின்ச் (டிரம்மில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) வைத்துக் கயிற்றைச் சுருட்டினால் ஆள் வந்துவிடுவான். செய்தோம். அதைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்டவை இவை.

வேக்ஸ்கேட், வேக்போர்டு இரண்டும் ஒன்றா? (குன்னூர்)

இல்லை. வேக்போர்டில் கால்களைப் பலகையோடு பூட்டிக்கொள்வார்கள். இதில் பூட்டே கிடையாது. சொரசொரப்பான பலகைமேல் ஷூ போட்டுச் சும்மா நிற்க வேண்டும். விழுந்தால் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

அண்ணா, எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? (கேத்தி)

ஐந்தரை, ஆறரை குதிரைத்திறன் இன்ஜினே பலரும் வைப்பது. ஆனால் நம் மலையை மறக்கக் கூடாது. 300 மீட்டர் ஏற ஏறச் சுமார் 3 சதவீதம் திறன் குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே போய்விடும். ஆறரை என்று வாங்கியது ஐந்துதான் இழுக்கும். அதுவும் போதும்.

காற்று மெலிவதால் பெட்ரோல் அதிகமாகி, கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும். கார்புரேட்டரில் ஒரு சைஸ் சின்ன மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போடுங்கள். அதே வின்ச்சை மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோனால் பழைய பெரிய ஜெட்டையே திரும்பப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் டிவிஎஸ் எக்ஸ்எல் சும்மா கிடக்கிறது. அதன் இன்ஜின் ஆகுமா? (கொடநாடு)

ஆகாது என்பேன். ஓடும்போது எதிர்க்காற்று பட்டுத்தான் அது குளிரும். நிறுத்திய இடத்தில் முறுக்கினால் வெந்துவிடும். பழைய பஜாஜ் சேட்டக் கிடைத்தால் விடாதீர்கள். இன்ஜினிலேயே விசிறி இருக்கிறது (அதன் மேல்மூடியைக் கழற்றி எறியாதீர்கள்), கிளட்ச், நான்கு கியர், பின் பிரேக் எல்லாம் ஒரே கட்டாக வருகின்றன. பின் சக்கரம் நேராகக் கியர்பாக்ஸ் தண்டிலேயே மாட்டியிருப்பதால் செயின், ஸ்ப்ராக்கெட் செலவும் இல்லை. டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மின் இரு பக்கமும் 45 சென்டிமீட்டர் வட்டத் தகடு அடித்தால் அதுதான் டிரம்.

வேகக் கணக்கும் எளிது. டயரோடு சக்கரத்தின் விட்டம் சுமார் 43 சென்டிமீட்டர், ரிம் 25. ஆகவே ஸ்கூட்டர் 45 கிலோமீட்டரில் ஓடும் முறுக்கில் கயிறு 26 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பலகைக்கு அது சரியான வேகம். மூன்றாம் கியர் போதும். ஒன்று, கயிறு சுற்றச் சுற்ற டிரம் பருத்துக்கொண்டே போகும். 5 மில்லிமீட்டர் கயிறு 100 மீட்டர் ஏறினால் விட்டம் 30ஐத் தாண்டிவிடும். ஆக்சிலேட்டரைத் தணிக்காவிட்டால் 26 வேகம் கடைசியில் 30ஐத் தாண்டிவிடும். கரை நெருங்கும்போது இது!

ஸ்கூட்டரின் முன்பக்கம் தண்ணீரைப் பார்க்க வேண்டும், கயிறு டிரம்முக்கு அடிவழியாக நுழைய வேண்டும். இழுப்பு தாழ்வாக இருந்தால் வின்ச்சைத் தாங்கும் சட்டம் கவிழாது. சட்டத்தைப் பின்னால் ஒரு கற்பூர மரத்தில் கட்டிவிடுங்கள்.

என்ன கயிறு? (ஊட்டி)

நைலான் வேண்டாம். ரப்பர் மாதிரி நீளும், தண்ணீரில் மூழ்கும், அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். நீளாத, மிதக்கும் டைனீமா வகைதான் நல்லது. விலை கடிக்கும். நியூட்ரலில் வைத்துக் கயிற்றை வெளியே இழுக்கும்போது பிரேக்கை லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். முதல் நாள் நாங்கள் அதை விட்டுவிட்டோம். டிரம் தானாகச் சுழன்று கயிறு குருவிக்கூடாகிவிட்டது.

ஆபத்து உண்டா, ஐயா? என் மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். (கோத்தகிரி)

உண்டு. இழுக்க எந்த இன்ஜினும் இழுக்கும், நிறுத்துவதில்தான் வேலை. ஸ்கூட்டர் கிளட்ச்சைப் பிடித்தால் இழுப்பு நிற்கும், விட்டால் இழுக்கும். பதறும் கை எதையும் விட்டுவிடும் என்பதை யோசித்துப் பாருங்கள். அதனால் வின்ச் ஓட்டுபவர் மணிக்கட்டில் ஒரு கயிறு, அதன் மறுமுனை இன்ஜினை அணைக்கும் சுவிட்சில். விலகினால் அணைந்துவிடும். கைப்பிடிக்கு 15 மீட்டர் முன்னால் கயிற்றில் சிவப்பு டேப் சுற்றுங்கள். டேப் கரைக்கு வந்தால் கிளட்ச். டிரம்முக்கும் ஆளுக்கும் நடுவே கம்பி வலை. வின்ச் பக்கத்தில் மஃப்ளர் கூடவே கூடாது, எத்தனை குளிரானாலும். சவாரி செய்பவருக்கு லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட். கயிற்றை உடம்பில் கட்டிக்கொள்ள யாரையும் விடாதீர்கள்.

எமரால்டு அணையில் விடலாமா? (மஞ்சூர்)

மின்வாரிய அணை. இறங்கவே கூடாது.

எங்கள் பண்ணைக்குட்டை 40 மீட்டர்தான். (மன்னவனூர்)

ஆறு வினாடியில் முடிந்துவிடும். எழுந்து நிற்கவே பாதி போய்விடும். இன்னொன்று, குட்டையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தால் நீச்சல் தெரிந்தவராலும் வழுக்கி வழுக்கி ஏற முடியாது. நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கவிடாமல் யாரும் இறங்க வேண்டாம். உறைபனிக் காலத்தில் தண்ணீர் மூச்சையே பிடித்துவிடும், அப்போதும் வேண்டாம்.

இதையே வைத்துப் பள்ளத்திலிருந்து கேரட் மூட்டை ஏற்றலாமா? (கேத்தி)

எங்கள் அண்ணியும் இதைத்தான் முதலில் கேட்டார்கள். முதல் கியரிலும் மூட்டைக்கு அது வேகம்தான். ரிம்மைக் கழற்றிவிட்டுச் சின்ன ஸ்ப்ராக்கெட் மாட்டி, செயின் வழியாக வேறொரு டிரம்மை நாலில் ஒரு பங்கு வேகத்தில் சுற்ற வைக்க வேண்டும். அப்புறம் சாய்வில் மூட்டை பின்னால் உருளாமல் பல்சக்கரமும் அதில் விழுந்து தடுக்கும் கொக்கியும் வைத்த பூட்டு ஒன்று. அதைத்தான் இப்போது வெல்டிங் செய்துகொண்டிருக்கிறேன். பலகை பரண்மேல் ஏறிவிட்டது.